ஜெபித்தவனைக் கொல்லாமல் விட்டது கருணையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், அண்மையில் தமிழில் மேடையேறிய ‘ஹாம்லெட்’ நாடகத்தைப் பற்றி வெளிவந்த மதிப்புரையைப் படித்தேன். அந்த நாடகத்தை நானும் பார்த்தேன். நடிப்பு, ஒளியமைப்பு, உடை ஆகியவற்றைப் பற்றி மதிப்புரையாளர் எழுதியிருப்பதில் எனக்குப் பிணக்கு ஏதும் இல்லை. ஆனால் தந்தையைக் கொன்ற சிற்றப்பனை உடனே வெட்டிச் சாய்க்காமல் நாளைக் கடத்தியதுதான் ஹாம்லெட் செய்த ஒரே தவறு என்றும், அவன் தொடக்கத்திலேயே துணிந்திருந்தால் அவனையும் சேர்த்து ஏழு பேர் பிழைத்திருப்பார்கள் என்றும் அவர் கணக்கு முடித்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. பழிவாங்குவது மகனின் கடமை என்பதை விசாரணையே இல்லாமல் ஒப்புக்கொண்டுவிட்டு, அந்தக் கடமையை அவன் ஏன் தள்ளிப்போட்டான் என்று மட்டும் கேட்பது இருநூறு ஆண்டுகளாக இருந்துவரும் பழக்கம். பழிவாங்கப் புறப்பட்டவன் வழியில் யார் யாருக்கு என்ன செய்தான் என்று கேட்டுப் பார்த்தால் இந்த நாடகம் வேறு முகம் காட்டும்.

இதில் மதிப்புரையாளரை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. மேடையேற்றமே அவரை அந்த முடிவுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. மூன்றாம் அங்கத்தின் ஜெபக் காட்சியில் அந்தச் சிற்றப்பன், அரசன் கிளாடியஸ், முழந்தாளிட்டிருக்கிறான். ஹாம்லெட் பின்னாலிருந்து வந்து வாளை உருவுகிறான். வேண்டிக்கொண்டிருப்பவனைச் சிறிது நேரம் பார்க்கிறான். வாளை உறையிலிட்டுவிட்டுப் போய்விடுகிறான். பேச்சு முழுவதும் வெட்டப்பட்டிருந்தது. என் பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் கைதட்டினார். கடவுளை நோக்கிக் கைகூப்பியவனைக் கொல்லாமல் விட்ட பெருந்தன்மைக்காகத்தான் அவர் தட்டினார் என்பதில் ஐயமில்லை. மேடையில் அவருக்குக் காட்டப்பட்டது அதுதான். ஷேக்ஸ்பியர் எழுதியதோ அதற்கு நேர் எதிரானது.

மூலத்தில் அந்த இடத்தில் ஹாம்லெட்டுக்கு இருபதுக்கும் மேற்பட்ட வரிகள் உண்டு. இப்போதே முடித்துவிடலாம் என்றுதான் தொடங்குகிறான். உடனே மனம் கணக்குப் போடத் தொடங்குகிறது. ஜெபத்தில் இருக்கும்போது கொன்றால் இவனுடைய ஆன்மா நேரே விண்ணகம் போய்விடும். என் தந்தையைக் கொன்றவனை நானே விண்ணகத்துக்கு வழியனுப்புவதா, அது கூலியும் சம்பளமும் கொடுத்ததாக ஆகுமே ஒழியப் பழிவாங்கியதாக ஆகாதே என்கிறான். ஆகவே இவன் குடித்துவிட்டு உறங்கும்போதோ, சினத்தில் இருக்கும்போதோ, முறையற்ற படுக்கையில் கிடக்கும்போதோ, சூதாடித் தூற்றிக்கொண்டிருக்கும்போதோ, மீட்பின் வாடையே இல்லாத ஏதேனும் ஒரு செயலில் மூழ்கியிருக்கும்போதோ வெட்டுவேன், அப்போது இவன் குதிகால் விண்ணை உதைக்க, ஆன்மா நரகத்தில் போய் விழும் என்று சொல்லிவிட்டுத்தான் வாளை உறையில் போடுகிறான். உடலைக் கொல்வது அவனுக்குப் போதவில்லை. எந்த அரசனுக்கும் எந்த நீதிபதிக்கும் இல்லாத அதிகாரத்தை, ஓர் ஆன்மாவின் நித்திய கதியைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை, அவன் தன் வாளுக்குக் கோருகிறான்.

இதைப் படித்துவிட்டு ஆங்கிலத் திறனாய்வாளர் சாமுவேல் ஜான்சன் அதிர்ந்துபோனார். நல்லவனாகக் காட்டப்படும் ஒருவன் வாயிலிருந்து வரும் இந்தப் பேச்சு படிக்கவோ சொல்லவோ ஒண்ணாத அளவுக்குக் கொடியது என்று 1765இல் வெளிவந்த தம் ஷேக்ஸ்பியர் பதிப்பில் குறிப்பு எழுதினார். அவருக்குப் பின் வந்தவர்கள் ஹாம்லெட்டைக் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்தார்கள். திறனாய்வாளர்கள் கோல்ரிட்ஜும், 1817இல் ஹாஸ்லிட்டும், இந்தப் பேச்சை அவன் மனதாரச் சொல்லவில்லை, செயலில் இறங்கத் துணிவில்லாதவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சாக்கு இது என்றார்கள். ஒருவனைக் கொடியவன் என்ற பெயரிலிருந்து விடுவிப்பதற்காக அவனைக் கோழை ஆக்கிய விந்தையான வழக்காடல் இது. தாமதத்தைப் பற்றிய பேச்சு இந்த நாடகத்தை இவ்வளவு காலம் பிடித்துவைத்திருப்பதற்கு அதுவே பெரிய காரணம் என்று கருதுகிறேன். எனக்கு ஜான்சன் பக்கம்தான் சரியென்று படுகிறது. இங்கே அவன் பேசியதை, பிறிதோர் இடத்தில் வேறு இருவருக்கு அவன் செய்தே காட்டுகிறான்.

அதற்கு முன் ஆவியின் முறையீட்டைக் கவனிக்க வேண்டும். இறந்த அரசனின் ஆவி முதல் அங்கத்தில் மகனிடம் வந்து, தான் கொல்லப்பட்டதை மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. உயிரையும் முடியையும் மனைவியையும் ஒரே நேரத்தில் இழந்தேன் என்று சொன்ன கையோடு, அதைவிடப் பெரிய குறையாக அது எடுத்துவைப்பது, பாவங்கள் மலர்ந்திருந்த நேரத்தில், நற்கருணை பெறாமல், ஆயத்தமில்லாமல், சாகும் தறுவாயில் குருவானவர் எண்ணெய் பூசும் அவஸ்தைபூசுதல் இல்லாமல், கணக்கை நேர்செய்ய அவகாசமே தராமல் என்னை அனுப்பிவிட்டார்கள் என்பதைத்தான். (ஆயத்தமில்லாமல் என்று நான் எழுதிய இடத்தில் மூலத்திலுள்ள சொல்லுக்கு இன்று ஏமாற்றமடைந்த என்று பொருள், அப்படியே மொழிபெயர்த்துவிட்டால் முறையீட்டின் உயிர் போய்விடும்.) கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, வீட்டில் யாராவது சாகக் கிடந்தால் குருவானவரை அழைக்க இரவில் ஓடிய அனுபவமுள்ளவர்களுக்கு இந்த வரிகளின் திகில் எளிதில் விளங்கும். ஆவி இருப்பது, விண்ணகம் போகுமுன் ஆன்மாக்கள் வேதனைப்பட்டுத் தூய்மை பெறும் உத்தரிக்கிற ஸ்தலத்தைப் போன்ற ஓர் இடத்தில். அப்படி ஓர் இடமே கிடையாது என்று இங்கிலாந்துத் திருச்சபை தன் 39 கொள்கை விதிகளில் மறுத்திருந்த காலத்தில் இந்த நாடகம் மேடையேறியது. எனவே வந்தது தந்தையா பிசாசா என்ற ஐயம் ஹாம்லெட்டுக்கு மட்டுமல்ல, அரங்கில் நின்றுகொண்டிருந்தவர்களுக்கும் இருந்திருக்கும்.

இனி அந்த இருவர். ரோசன்கிராண்ட்ஸ், கில்டன்ஸ்டெர்ன் இருவரும் ஹாம்லெட்டின் இளமைக்கால நண்பர்கள். அரசனுக்காக அவனை வேவு பார்க்க இசைந்தவர்கள். அவர்களோடு அவனைக் கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்பும் கிளாடியஸ், போய்ச் சேர்ந்ததும் அவன் தலையை வெட்டும்படி முத்திரையிட்ட ஓலை ஒன்றையும் கொடுத்தனுப்புகிறான். இரவில் ஹாம்லெட் அதைத் திருடிப் பிரித்துப் படித்துவிடுகிறான். தன்னைக் காத்துக்கொள்ள அந்த ஓலையைக் கடலில் எறிந்திருக்கலாம். தன் பெயரை நீக்கிவிட்டு வெறும் நலம் விசாரிப்பாக மாற்றி எழுதியிருக்கலாம். அவன் எழுதியது, இதைக் கொண்டுவருகிறவர்களை, குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு நேரம் தராமல் உடனே கொன்றுவிட வேண்டும் என்ற புதிய ஆணை. கொல்ல வேண்டும் என்பதோடு அவன் நிறுத்திக்கொள்ளவில்லை. ஆன்மாவைத் தயார்செய்துகொள்ள அவகாசம் கூடாது என்பதைத் தனியாக நினைவில் வைத்துச் சேர்த்திருக்கிறான். ஜெபக் காட்சியில் பேசியது வெறும் சாக்கு என்று சொல்பவர்கள் இந்த ஒரு வரிக்கு விடை சொல்ல வேண்டும்.

அந்த ஓலைக்கு முத்திரை எங்கிருந்து கிடைத்தது என்று ஹாம்லெட்டின் உற்ற நண்பன் ஹொரேஷியோ பின்னர் கேட்கிறான். என் தந்தையின் முத்திரை மோதிரம் என் பையில் இருந்தது, அதிலும் விண்ணகத்தின் ஏற்பாடு தெரிந்தது என்கிறான் ஹாம்லெட். பாவம் கழுவ அவகாசமின்றிச் செத்தேன் என்று புலம்பிய தந்தையின் மோதிரத்தைக் கொண்டே, வேறு இருவரைப் பாவம் கழுவ அவகாசமின்றிச் சாகடிக்கும் ஆணைக்கு அரக்கு வைக்கிறான் மகன். பல ஆண்டுகளாக இந்த நாடகத்தைப் படித்துவருகிறேன். இந்த மோதிரத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிடுகிறது. தங்கள் மதிப்புரை புகழ்ந்த மேடையேற்றத்தில் இந்தப் பகுதி அடியோடு நீக்கப்பட்டிருந்தது.

ஓலையில் இருந்தது அந்த நண்பர்களுக்குத் தெரியும் என்பதற்கு நாடகத்தில் சான்று எதுவும் இல்லை. அப்படியானால் கில்டன்ஸ்டெர்னும் ரோசன்கிராண்ட்ஸும் அங்கே போய்ச் சேர்கிறார்கள் என்று ஹொரேஷியோ சொல்லும் வரி, ஒரு நண்பன் இன்னொரு நண்பனைக் கண்டிக்கக்கூடிய மிக மென்மையான விதத்தில் அமைந்திருக்கிறது. அவர்கள் என் மனச்சாட்சிக்கு அருகில் இல்லை என்று ஹாம்லெட் பதில் சொல்கிறான். 1623இல் வந்த ஃபோலியோ என்னும் பெரிய தொகுப்புப் பதிப்பில் அதற்கு முன்னால் மேலும் ஒரு வரி உண்டு: இந்த வேலையை அவர்கள்தாம் விரும்பித் தேடிக்கொண்டார்கள் என்கிறான். 1604இன் குவார்ட்டோ என்னும் சிறிய தனிநூல் பதிப்பில் அது இல்லை. யாரும் குற்றம் சாட்டாதபோதே பதில் சொல்கிறவனின் குரல் அது.

ஹாம்லெட்டுக்கு வேறு வழி என்ன இருந்தது என்று மதிப்புரையாளர் கேட்கக்கூடும். அது நேர்மையான கேள்வி. எளிதில் தள்ளிவிட முடியாதது. பழிவாங்குதல் என்பது ஒருவகைக் காட்டு நீதி, மனிதரின் இயல்பு எவ்வளவுக்கு அதை நோக்கி ஓடுகிறதோ அவ்வளவுக்குச் சட்டம் அதைக் களைந்தெறிய வேண்டும் என்று ஃபிரான்சிஸ் பேக்கன் எழுதினார். அந்தக் கட்டுரை 1625ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருக்கிறது. சொன்னவர் சட்டம் அறிந்தவர்தாம், ஆனால் சட்டத்தின் இருக்கையிலேயே கொலைகாரன் உட்கார்ந்திருந்தால் யாரிடம் போவது என்பதற்கு அந்த வாக்கியத்தில் விடையில்லை. நாடகம் நடக்கும் டென்மார்க்கின் எல்சினோர் கோட்டையில் கிளாடியஸ்தான் அரசன், அவனே நீதிபதி, முத்திரையும் அவன் கையில். சாட்சி ஓர் ஆவி. அதன் சொல்லை வைத்து எந்த அவையில் வழக்காட முடியும்?

ஆகையால்தான் ஹாம்லெட் சோதித்துப் பார்க்கிறான். நடிகர்களைக் கொண்டு கொலைக்காட்சி ஒன்றை நடத்தி, சிற்றப்பனின் முகத்தைத் தானும் பார்க்கிறான், ஹொரேஷியோவையும் பார்க்கச் சொல்கிறான். பிசாசு தந்தையின் உருவெடுத்து வந்து தன்னை நரகத்துக்கு இழுக்கலாம் என்று அஞ்சுகிறான். மதிப்புரையாளர் தாமதம் என்று பழிக்கும் காலத்தில் இந்தச் சோதனையும் அடங்கும். ஒரு மனிதனைக் கொல்வதற்கு முன் அவன் குற்றவாளிதானா என்று தெரிந்துகொள்ள முயல்வதைத் தயக்கம் என்று அழைத்தால், தயக்கத்தைப் போல நல்ல குணம் வேறில்லை. நாடகத்துக்குக் கருவான பழங்கதையில் இந்தச் சிக்கல் கிடையாது. 1200ஐ ஒட்டி சாக்சோ கிரமாட்டிக்கஸ் எழுதிய டென்மார்க் வரலாற்றில் அண்ணனைக் கொன்றதை ஃபெங் ஊரறியச் செய்கிறான். மகன் ஆம்லெத் பைத்தியக்காரனாக நடித்துக் காத்திருந்து, குடித்துக் கிடந்த அவையோரை மண்டபத்தோடு சேர்த்து எரித்துவிட்டு, ஃபெங்கையும் வெட்டிக் கொன்று, மக்கள் முன் பேசி அரசனாகிறான். அங்கே மனச்சாட்சிக்கு வேலையில்லை. ஷேக்ஸ்பியர் கொலையை இரகசியமாக்கினார், மகனை விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் படிக்க வைத்தார், அவன் கையில் ஐயத்தைக் கொடுத்தார்.

ஐயம் இருந்தவரை ஹாம்லெட்டின் கையில் இரத்தம் இல்லை. (தன் காதலி ஒஃபீலியாவை அவன் வதைத்ததை நான் மறக்கவில்லை, அது தனிக் கடிதம் வேண்டும் விஷயம்.) ஐயம் தீர்ந்த அதே இரவில், நாடகம் பாதியில் கலைந்த சிறிது நேரத்திற்குள், ஜெபக் காட்சியின் அந்தப் பேச்சைப் பேசுகிறான், அடுத்த காட்சியில் தாயின் அறைத் திரைக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டதும், யாரென்று பார்க்காமலே வாளைப் பாய்ச்சி, அங்கே ஒளிந்திருந்த அரசவை ஆலோசகர் பொலோனியஸைக் கொல்கிறான். இவருக்காக வருந்துகிறேன் என்று ஒரு வாக்கியம் சொல்கிறான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு குடலை அடுத்த அறைக்கு இழுத்துப் போகிறேன் என்கிறான். உறுதி கிடைத்த பின்புதான் அவன் ஆபத்தானவனாகிறான். மதிப்புரையாளர் விரும்பியபடி முதல் அங்கத்திலேயே அவனுக்கு இந்த உறுதி வாய்த்திருந்தால், மற்றவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நம்ப எனக்குத் துணிவில்லை.

பொலோனியஸ் செத்த கணத்தில் ஹாம்லெட் இன்னொரு கதையின் கிளாடியஸ் ஆகிவிடுகிறான். அந்தக் கதையின் ஹாம்லெட், பொலோனியஸின் மகன் லேயர்டீஸ். அவனுடைய தந்தையும் ஆயத்தமின்றிச் செத்தவர்; சடங்கும் சிறப்பும் இல்லாமல் அவசரமாகப் புதைக்கப்பட்டவர். லேயர்டீஸின் கோபத்தில் பாதி அந்த எளிய அடக்கத்தின் மீதுதான். தங்கை ஒஃபீலியாவுக்கும் சடங்குகள் குறைக்கப்பட்டபோது குருவானவரோடு கல்லறையிலேயே சண்டையிடுகிறான். மனச்சாட்சியும் அருளும் பாதாளத்துக்குப் போகட்டும், நான் நரகத்துக்கும் துணிந்தேன் என்று கத்துகிறவன் அவன். ஹாம்லெட்டை என்ன செய்வாய் என்று கிளாடியஸ் கேட்டால், கோவிலுக்குள் வைத்தே கழுத்தை அறுப்பேன் என்கிறான். பழிக்கு எல்லை கூடாது என்று கிளாடியஸ் அதை ஆமோதிக்கிறான்; பழிவாங்குதலை ஆதரித்து இந்த நாடகத்தில் ஒலிக்கும் இந்தப் பொதுவிதியை ஷேக்ஸ்பியர் கொலைகாரன் வாயில்தான் வைத்தார். கோவிலில் கொல்வேன் என்பவன் ஜெபத்தில் கொல்ல மாட்டேன் என்பவனைவிடக் கொடியவனாகத் தோன்றலாம். ஆனால் லேயர்டீஸ் பணயம் வைப்பது தன் ஆன்மாவை. ஹாம்லெட் கேட்டது அடுத்தவனுடையதை.

நம் மொழியில் பழி என்ற ஒரே சொல் குற்றத்தையும் குறிக்கிறது, அதற்கு எதிராகச் செய்வதையும் குறிக்கிறது. பழி சுமத்துகிறோம், பழிக்கு அஞ்சுகிறோம், பழி தீர்க்கிறோம், பழி வாங்குகிறோம். பழியை வாங்குகிறவன் எதைக் கையில் வாங்கிக்கொள்கிறான் என்று லேயர்டீஸையும் ஹாம்லெட்டையும் அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்தால் தெரிகிறது. பம்மல் சம்பந்த முதலியார் இதை ‘அமலாதித்யன்’ என்று தமிழ் மேடைக்குக் கொண்டுவந்த காலந்தொட்டு நமக்கு இந்த இளவரசன் பழக்கமானவன். அவனை அப்பழுக்கற்றவனாக்கித்தான் நமக்குக் காட்ட வேண்டும் என்ற அவசியம் இல்லை.

ஹாம்லெட்டுக்கே இது கடைசியில் ஓரளவு புலப்படுகிறது. என் வழக்கின் படத்தில் அவனுடைய வழக்கின் சாயலைக் காண்கிறேன் என்று லேயர்டீஸைப் பற்றி ஹொரேஷியோவிடம் சொல்கிறான். இதுவும் ஃபோலியோவில் மட்டும் உள்ள பகுதி. அதே பேச்சில் சற்று முன், இவனை இந்தக் கையால் ஒழிப்பது மனச்சாட்சிக்கு உகந்ததுதானே, இந்தப் புற்றை மேலும் தீமை செய்ய விடுவதுதானே பாவம் என்று கிளாடியஸைப் பற்றிக் கேட்கிறான். முதன்முறையாக அவன் இறந்தவருக்காக மட்டும் பேசாமல் இனி நடக்கவிருக்கும் கேட்டைப் பற்றிப் பேசுகிறான். அவன் பக்கம் நான் முழுமையாகச் சாய்வது இந்தச் சில வரிகளில்தான். அதன் பின்னும் லேயர்டீஸிடம் மன்னிப்புக் கேட்கும்போது, செய்தது நானல்ல, என் பைத்தியம் என்று சொல்லி நழுவுகிறான். வேறு எதிர்வாதம் அவன் சொல்லியிருக்கலாம் என்று ஜான்சன் இங்கும் வருந்துகிறார்.

இறுதிக் காட்சியில் அவன் கிளாடியஸைக் குத்தும்போது, அவையோர் துரோகம், துரோகம் என்று கத்துகிறார்கள். பழைய கொலையைப் பற்றி அவர்களுக்கு எதுவும் தெரியாது. நஞ்சைக் குடிக்க வைக்கும்போது ஹாம்லெட் தந்தையின் பெயரைச் சொல்வதில்லை, ஆவியை நினைப்பதில்லை, சற்று முன் அதே நஞ்சைக் குடித்து இறந்த என் தாயைப் பின்தொடர்ந்து போ என்கிறான். கிளாடியஸ் ஜெபிக்க நேரமின்றிச் சாகிறான். ஜெபக் காட்சியில் கேட்டது அப்படியே கிடைத்திருக்கிறது, கேட்டவன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. பிறகு, ஹாம்லெட்டோடு மோதிய வாள்போட்டியில் நச்சு வாளால் காயம்பட்டுச் சாகக் கிடக்கும் லேயர்டீஸ், நாம் ஒருவரையொருவர் மன்னிப்போம், என் சாவும் என் தந்தையின் சாவும் உன்மேல் வராதிருக்கட்டும், உன் சாவு என்மேல் வராதிருக்கட்டும் என்கிறான். விண்ணகம் உன்னை அதிலிருந்து விடுவிக்கட்டும் என்கிறான் ஹாம்லெட். மேடையில் குருவானவர் யாரும் இல்லை. நாடகம் முழுவதும் எல்லோருக்கும் மறுக்கப்பட்டுவந்த பாவமன்னிப்பை, பழிவாங்க வந்த இரண்டு பேர் கடைசி மூச்சில் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள். அன்று மேடையில் இந்த வரிகளை இருத்தியிருந்தார்கள். ஆனால் ஜெபப் பேச்சும் முத்திரை மோதிரமும் இல்லாமல் அவை வெறும் நாகரிகமான விடைபெறுதலாகக் கேட்டன.

இந்த நாடகம் வேறு ஊர்களிலும் நடக்கவிருப்பதாக அறிகிறேன். ஜெபக் காட்சியின் பேச்சையும், ஓலையைப் பற்றிய உரையாடலையும் திரும்பச் சேர்த்தால் மொத்தம் ஏழெட்டு நிமிடம்தான் கூடும் என்பதைத் தங்கள் இதழ் வழியாக இயக்குநருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். சேர்ப்பார்களானால் நுழைவுச்சீட்டு வாங்கி மறுபடியும் போவேன். அந்தப் பெரியவரும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, ஹாம்லெட் வாளை உறையில் போடும் அந்த நேரத்தில் அவர் கைகள் என்ன செய்கின்றன என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்
திருச்சிராப்பள்ளி